கோட்டிங்கன் பல்கலைக்கழகச் செனட்டுக்குத் தஞ்சையிலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தலைவர் அவர்களும் செனட் உறுப்பினர்களும்,
கேயார்க் ஆகஸ்ட் பல்கலைக்கழகம்,
கோட்டிங்கன், ஜெர்மனி.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். நான் உங்கள் பல்கலைக்கழகத்தில் படித்தவன் அல்லன். ஜெர்மனிக்கு வந்ததும் இல்லை. தஞ்சாவூருக்கு அருகே வசிக்கிறேன். சோழர் காலக் கோயில் சுவர்களில் உள்ள கல்வெட்டுகளைப் படிப்பதும், படித்ததை ஊராருக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் விளக்குவதும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக என் வேலை. அந்த வேலையில் உங்கள் ஊரில் செய்யப்பட்ட ஆய்வை எடுத்துக்கொள்ளாமல் நான் ஒரு நாளும் கழித்ததில்லை. உங்களுக்கு எழுத எனக்குள்ள உரிமை அது ஒன்றுதான்.

எந்த ஆய்வு என்று சொல்லிவிட்டே, ஆய்வு வெளியீடுகளை நீங்கள் மதிப்பிடும் முறை பற்றிய என் வேண்டுகோளுக்கு வருகிறேன்.

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு ஒன்று, முதலாம் இராசராசன் தன் ஆட்சியின் 25ஆம் யாண்டு 275ஆம் நாளில், விமானத்தின் உச்சியில் வைப்பதற்காகச் செப்புக்குடம் ஒன்றைக் கொடுத்ததைச் சொல்கிறது. கல்லில் இருப்பது அவ்வளவுதான். கிறித்துவ ஆண்டும் இல்லை, சக ஆண்டும் இல்லை. அரசன் எந்த ஆண்டில் பட்டத்துக்கு வந்தான் என்பது தெரிந்தால் ஒழிய, இந்த 25 என்ற எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இன்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இராசராசன் பட்டமேறிய ஆண்டு 985 என்பார்கள். அந்த ஆண்டைக் கணித்து நிலைநிறுத்தியவர் உங்கள் பல்கலைக்கழகத்தில் 1882 முதல் 1908இல் இறக்கும் வரை சமஸ்கிருதப் பேராசிரியராக இருந்த ஃபிரான்ஸ் கீல்ஹார்ன்.

அவர் அதைச் செய்த விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சில கல்வெட்டுகளில் ஆட்சியாண்டோடு சூரிய மாதத்தின் பெயரும், வளர்பிறையா தேய்பிறையா என்பதும், திதியும், கிழமையும், அன்றைய நட்சத்திரமும் சேர்ந்து வரும். ஒரு மாதத்தில் ஒரு திதியும் ஒரு நட்சத்திரமும் கூடுகிற நாள் பல ஆண்டுகளில் வரக்கூடும். அந்த நாள் கல்லில் சொன்ன கிழமையிலேயே விழுவது ஏறத்தாழ ஏழில் ஒரு முறைதான். ஆக, இரண்டு மூன்று கல்வெட்டுகளின் நாட்களைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் பொருந்தாத ஆண்டுகள் ஒவ்வொன்றாகக் கழிந்துபோய், எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்கிற ஆண்டு ஒன்று மிஞ்சும். சென்னை மாகாணத்தில் கல்வெட்டுகளை மைப்படி எடுத்துக்கொண்டிருந்த ஹூல்ஷும் அவருடைய அலுவலகத்தாரும் இத்தகைய வரிகளைப் பொறுக்கி அனுப்ப, கீல்ஹார்ன் கோட்டிங்கனில் அமர்ந்து அவற்றைக் கணித்து, 'எபிகிராஃபியா இண்டிகா' இதழில் 'சோழ மன்னர்களின் காலம்' என்ற வரிசையாகவும் பின்னர்ப் பாண்டியருக்கு ஒரு வரிசையாகவும் வெளியிட்டு வந்தார். கல்லில் எழுதியவன் பிழை செய்திருந்து கணக்கு ஒத்துவராத நாட்களையும் அவர் மறைக்கவில்லை. ஒத்துவரவில்லை என்றே பதிவு செய்தார். இப்படித்தான் இராசராசனின் ஆட்சி 985ஆம் ஆண்டு சூன் 25க்கும் சூலை 25க்கும் இடைப்பட்ட ஒரு நாளில் தொடங்கியது என்ற முடிவு கிடைத்தது.

பள்ளிப் பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைக் கொடுத்துப் போடச் சொல்வது என் வழக்கம். 25ஆம் யாண்டு 1009இல் தொடங்குகிறது. அதிலிருந்து 275ஆம் நாளை எண்ணினால் 1010ஆம் ஆண்டு மார்ச் 26க்கும் ஏப்ரல் 25க்கும் நடுவே வந்து நிற்கும். 2010இல் தஞ்சையில் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டை அரசு விழாவாகக் கொண்டாடியபோது ஊரே திரண்டது. அந்த ஆயிரம் என்ற எண்ணின் அடியில் கீல்ஹார்னின் கணக்கு இருந்தது. விழாவுக்கு வந்தவர்களில் அவர் பெயரை அறிந்தவர் மிகச் சிலரே. அறியாததில் தவறொன்றும் இல்லை. நூறாண்டுக்கு முன்பு ஓர் அறையில் நடந்த ஆய்வு, கடல் கடந்த ஊர் ஒன்றில் எல்லாரும் சொல்லும் சாதாரண உண்மையாகிவிட்டது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

இனி என் வேண்டுகோள். 13 புலங்களைக் கொண்ட உங்கள் பல்கலைக்கழகம் தன் ஆய்வு வெளியீடுகளை மதிப்பிடும்போது, அந்த ஆண்டில் எத்தனை கட்டுரை வந்தது, அவற்றை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள், வெளியிலிருந்து எவ்வளவு நிதி வந்தது என்பவற்றோடு நின்றுவிடாமல், செய்த வேலை எவ்வளவு காலத்துக்கு, யாருக்கு, எந்த வடிவில் பயன்படுகிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆட்களை நியமிப்பதும் துறைகளைத் தொடர்வதும் அந்த முழுக் கணக்கைப் பார்த்தே தீர்மானிக்கப்பட வேண்டும்.

பொதுப்பணத்தில் நடக்கும் நிறுவனம் கணக்குக் காட்ட வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. மூலக்கூறு உயிரியலிலும் மருத்துவத்திலும் கட்டுரைகளின் எண்ணிக்கை ஓரளவு உண்மையைச் சொல்லக்கூடும். ஆனால் பத்தாண்டு உழைத்து ஒரு சுவடியைப் பதிப்பிக்கிறவரையும், ஆண்டுக்கு ஆறு கட்டுரை எழுதுகிற ஆய்வுக்கூடத்தையும் ஒரே மரக்காலால் அளக்கும்போது, முதலாமவரின் களத்தில் எதுவுமே விளையவில்லை என்ற பொய் முடிவுக்குத்தான் வந்து சேர்வோம். இதழின் செல்வாக்கு எண்ணை, அதாவது அதில் வரும் கட்டுரைகளுக்குச் சராசரியாக எத்தனை மேற்கோள் கிடைக்கிறது என்ற எண்ணைக் கொண்டு ஆய்வாளரை எடை போடக் கூடாது என்று 2012இல் சான் பிரான்சிஸ்கோ அறிக்கை சொல்லி, உலகெங்கும் பல நிறுவனங்கள் அதில் கையெழுத்திட்டன. கையெழுத்து எளிது, பதவி நியமனக் குழு கூடும் அறையில் அந்த அறிக்கையை நினைவு வைத்திருப்பதுதான் கடினம்.

இதை உங்களுக்கு அயலார் யாரும் கற்பிக்க வேண்டியதில்லை, உங்கள் சொந்த வரலாறே போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. கோட்டிங்கன் அறிவியல் கழகத்தின் 1918ஆம் ஆண்டு வெளியீட்டில் 235ஆம் பக்கத்தைத் திறந்தால் கணிதவியலார் எம்மி நோதர் எழுதிய கட்டுரையின் தொடக்கம் இருக்கிறது. தலைப்பின் கீழே, 1918 சூலை 26 அன்று கூடிய அமர்வில் ஃபெலிக்ஸ் கிளைன் முன்வைத்தது என்று ஒரு வரி. எழுதியவர் நோதர், அவையில் வைக்க வேறொருவர் வேண்டியிருந்தது. 1915இலேயே கணிதப் பேராசிரியர்கள் ஹில்பெர்ட்டும் கிளைனும் அழைத்து வந்த அந்த அம்மையாருக்குப் பெண் என்பதற்காகவே ஆசிரியத் தகுதி மறுக்கப்பட்டு, அவருடைய வகுப்புகள் ஹில்பெர்ட்டின் பெயரில் அறிவிக்கப்பட்டு வந்தன. தகுதி கிடைத்தது 1919இல். ஊதியம் இல்லாமலேயே ஆண்டுகள் கழிந்தன. அவர் கொண்டுவந்த நிதி என்ன என்று அப்போது யாராவது கணக்குப் பார்த்திருந்தால் அந்தக் கட்டத்தில் எழுத ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் அந்த 23 பக்கங்கள்தாம், இயற்கை விதிகள் நேற்றும் இன்றும் மாறாதிருப்பதற்கும் ஆற்றல் அழியாதிருப்பதற்கும் உள்ள தொடர்பைக் கணிதத்தில் நிறுவின. இன்றைய துகள் இயற்பியல் முழுவதும் அதன் மீது நிற்கிறது. 1933இல் யூதர் என்பதால் அவரை வெளியேற்றினார்கள். இயற்பியலார் மாக்ஸ் போர்னும் கணிதவியலார் ரிச்சர்டு கூரந்தும் அதே ஆண்டில் போக வேண்டியதாயிற்று. (போர்னை 1935இல் பெங்களூருக்கு அழைத்துச் சில மாதங்கள் பணியாற்ற வைத்தவர் சி. வி. இராமன் என்பதை இங்கே நன்றியோடு குறிக்கிறேன்.) ஒரு துறை ஒரே ஆண்டில் குலைந்துபோகும், மீண்டும் எழ இரண்டு தலைமுறை ஆகும் என்பதை உங்கள் ஊர் அனுபவித்து அறிந்திருக்கிறது.

கிரிம் சகோதரர்களின் ஜெர்மன் மொழி அகராதியையும் எண்ணிப் பாருங்கள். 1837இல் ஹனோவர் அரசர் அரசமைப்பை நீக்கியதை எதிர்த்துக் கையெழுத்திட்ட ஏழு பேராசிரியர்களில் இருவராக அவர்கள் பதவி இழந்தார்கள். பிழைப்புக்கு வழியற்ற அந்த நிலையில் 1838இல் ஏற்றுக்கொண்ட வேலை அது. முதல் தொகுதி 1854இல் வந்தது. யாக்கோபு கிரிம் 1863இல் இறக்கும்போது எஃப் எழுத்தில், 'கனி' என்னும் பொருள் தரும் சொல்லில் நின்றிருந்தார். அவருக்குப் பின் வந்தவர்கள், இறுதியில் பெர்லினிலும் கோட்டிங்கனிலும் இருந்த பணிக்குழுக்கள், அதை முடித்தது 1961இல். 123 ஆண்டுகள். மூன்றாண்டுத் திட்டம், இடைக்கால அறிக்கை, இறுதி அறிக்கை என்ற இன்றைய முறையில் எத்தனையாவது ஆண்டில் அந்த வேலையை நிறுத்தியிருப்பார்கள் என்று நீங்களே சொல்லலாம்.

மொழித்துறைகளுக்கு மட்டும் பரிந்து பேசுவதாக நினைக்க வேண்டாம். உங்கள் ஊருக்கு வடமேற்கே உள்ள சோலிங் மலைக்காட்டில் 1966இல் சூழலியலார் ஹைன்ஸ் எல்லன்பெர்க் தொடங்கி வைத்த ஆய்வைப் பற்றிப் படித்தபோது எனக்குக் கல்வெட்டு வேலைதான் நினைவுக்கு வந்தது. பீச் மரமும் ஸ்புரூஸ் மரமும் நிற்கும் அந்தக் காட்டில், மழையோடு மண்ணுக்குள் என்ன இறங்குகிறது, மண்ணிலிருந்து என்ன வடிந்து போகிறது என்று ஆண்டுக்கணக்கில் அளந்துகொண்டே இருந்தார்கள். முதல் ஆண்டு அளவு எதையும் சொல்லாது. பத்தாம் ஆண்டு அளவை முதல் ஆண்டோடு வைத்துப் பார்க்கும்போதுதான் அது வாய் திறக்கும். அப்படித் திறந்தபோது, புகையிலிருந்து வரும் கந்தக அமிலம் மண்ணைப் புளிக்கச் செய்து, அதிலிருந்து கரையும் அலுமினியம் சல்லிவேர்களைக் கெடுக்கிறது என்று உங்கள் மண்ணியல் பேராசிரியர் பெர்ன்ஹார்டு உல்ரிக் எச்சரித்தார். நாடே அதைப் பற்றிப் பேசியது. 1983இல் பெரிய அனல்மின் நிலையங்களின் புகையைக் கட்டுப்படுத்தும் ஆணை வந்தது. காடுகள் கூட்டமாக அழியும் என்ற அச்சம் அந்த அளவுக்கு மெய்யாகவில்லை என்பதும் உண்மை. அதையும் தெரிந்துகொள்ள உதவியது அளவெடுப்பதை நிறுத்தாமல் தொடர்ந்ததுதான். ஒரு காட்டில் நாற்பது ஐம்பது ஆண்டு அளவெடுக்கிறவரின் ஓராண்டு உழைப்பைக் கட்டுரையாக எண்ணினால் என்ன கிடைக்கும்?

இன்னொன்றைச் சொல்லும்போது என் பேச்சில் கொஞ்சம் மனக்குறை தொனிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் வட்டாரத்து ஊர் ஒன்றுக்கு வெளிநாட்டு நிறுவனம் ஒன்றிலிருந்து ஆய்வாளர்கள் வந்தார்கள். அது உங்கள் பல்கலைக்கழகம் அன்று. கட்டுச் சோறு கட்டிக்கொண்டு வீடு வீடாகச் சென்று, நிலம் எத்தனை மா, கடன் எவ்வளவு, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், பயிருக்கு எத்தனை முறை மருந்து அடிக்கிறீர்கள் என்று பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு போனார்கள். வேலையை விட்டுவிட்டு அரை நாள் உட்கார்ந்து பதில் சொன்ன ஒரு பெரியவர், அதற்கடுத்த இரண்டு அறுவடைக்கும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டார்: "தம்பி, அந்தப் பிள்ளைங்க எழுதிக்கிட்டுப் போனாங்களே, என்னன்னு முடிஞ்சுது?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவரும் காலமாகிவிட்டார்.

உங்கள் வேளாண் பொருளியல் துறையின் ஆய்வு ஒன்று எங்கள் மாநிலத்தையும் தொட்டது. மகாராட்டிரம், கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு ஆகிய நான்கு மாநிலங்களின் பருத்தி விவசாயிகளிடம் 2002 முதல் 2008 வரை மீண்டும் மீண்டும் சென்று விவரம் திரட்டி, ஜோனாஸ் கத்தாகேயும் மாட்டின் கைமும் 2012இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வெளியிட்ட கட்டுரை அது. காய்ப்புழுவைக் கொல்லும் நஞ்சைச் செடியே உண்டாக்கும்படி மரபணு மாற்றப்பட்ட பி.டி. பருத்தி போட்டவர்களுக்குப் பூச்சிச் சேதம் குறைந்ததால் ஏக்கருக்கு விளைச்சல் 24 விழுக்காடும் இலாபம் 50 விழுக்காடும் கூடியது என்பது அதன் முடிவு. அதே குடும்பங்களை ஒரே ஒரு முறை பார்க்காமல் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தது அந்த ஆய்வின் பெரிய வலு என்று நான் கருதுகிறேன். அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு பி.டி. நஞ்சைத் தாங்கப் பழகிக்கொண்டதும், விவசாயிகள் மறுபடியும் மருந்துக்குச் செலவு செய்ய நேர்ந்ததும் எல்லாரும் அறிந்தவை. ஆகவே அந்தக் கட்டுரை இன்று எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று தெரிந்துகொள்ளும் தேவை யாருக்கு அதிகம்? பதில் சொன்ன விவசாயிக்குத்தான். அவர் ஆங்கிலக் கட்டுரையைப் படிக்கப் போவதில்லை. தமிழிலோ கன்னடத்திலோ மராத்தியிலோ தெலுங்கிலோ நான்கு பக்கச் சுருக்கம் ஒன்று இருந்தால், படிக்கத் தெரிந்த மகனோ மகளோ திண்ணையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவார்கள்.

சுமத்திராவின் ஜம்பி மாகாணத்தில் எண்ணெய்ப்பனையும் இரப்பரும் காட்டின் இடத்தைப் பிடித்ததைப் பற்றி 2012 முதல் 2023 வரை உங்கள் பல்கலைக்கழகம் இந்தோனேசியப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து நடத்திய பெருந்திட்டத்துக்கும் இதுவே பொருந்தும். மண்ணியலார், பூச்சியியலார், பொருளியலார், மானிடவியலார் எல்லாரும் ஒரே நிலத்தில் வேலை செய்தது அரிய காரியம். அந்த நிலத்தின் உழவர்களுடைய மொழியில் முடிவுகள் போய்ச் சேர்வதும் ஆய்வு வெளியீடு என்ற கணக்கிலேயே எழுதப்பட வேண்டும். தனியாக யாரோ விருப்பத்தின்பேரில் செய்யும் சேவையாக விடப்படக் கூடாது.

அடுத்து, உங்கள் நூலகம். 1997 முதல் பழைய நூல்களை மின்வடிவாக்கி வரும் உங்கள் மையம் இல்லையென்றால் கணிதவியலார் காஸ் எழுதியவற்றின் தொகுப்பு நூல்களையோ நோதரின் கட்டுரையையோ நான் கண்ணால் பார்த்திருக்க மாட்டேன். 2001இல் ரைன்ஹோல்டு கிரூனெண்டால் அங்கே தொடங்கிய இந்திய மொழி மின்னூல் பதிவேட்டை நான் வாரத்தில் நான்கு நாளாவது திறக்கிறேன். சோழர் செப்பேடுகளில் முன்பகுதி சமஸ்கிருதச் செய்யுளாகவும் பின்பகுதி தமிழாகவும் இருக்கும். முன்பகுதியில் எழுத்துத் தேய்ந்த இடத்தில் என்ன சொல் இருந்திருக்கும் என்று ஊகிக்க, அதே தொடர் வேறு காவியத்தில் வந்திருக்கிறதா என்று தேடிப் பார்ப்போம். முன்பெல்லாம் இதற்கு ஒரு பண்டிதரின் நினைவாற்றலை நம்பியிருந்தோம்; இப்போது இரவு பதினொரு மணிக்கு, காசு கட்டாமல், கடவுச்சொல் கேட்காமல், அந்தப் பதிவேடு எனக்குத் தேடிக் கொடுக்கிறது. அதில் ஒரு நூலைச் சேர்த்துப் பிழை திருத்துவதற்கு எத்தனை நாள் ஆகும் என்பது அந்த வேலையைச் செய்தவருக்குத்தான் தெரியும். ஆனால் அந்த உழைப்பு எந்த ஆய்வாளரின் வெளியீட்டுப் பட்டியலில் எந்த வரியில் ஏறுகிறது? ஏறாவிட்டால், பதிவேட்டைப் பேணுகிறவர் ஓய்வு பெறும்போது அந்த இடத்துக்கு ஆள் போட வேண்டும் என்று யார் வாதாடுவார்?

சிறு துறைகளின் தலைவிதி பெரும்பாலும் ஒரு பேராசிரியர் ஓய்வு பெறும் நாளில்தான் முடிவாகிறது. உங்கள் நாட்டில் இத்தகைய துறைகளைக் கண்காணித்துப் பட்டியலிடுவதற்கென்றே மைன்ஸ் நகரில் ஓர் அலுவலகம் இருக்கிறது என்பது, கவலை எனக்கு மட்டும் உரியதன்று என்பதைக் காட்டுகிறது. இந்தியவியல், ஈரானியவியல், எகிப்தியவியல் போன்றவற்றில் மாணவர் குறைவு என்பது மெய். கீல்ஹார்னின் வகுப்பறையும் நிரம்பி வழிந்திருக்காது. ஆனால் அவர் வகுப்பறையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது இன்று தஞ்சையில் யாருக்கும் தேவைப்படவில்லை, 985 தேவைப்படுகிறது. அவர் தொடங்கிய கணக்கை எங்கள் மண்ணில் எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை எடுத்து வளர்த்து, கி.பி. 700 முதல் 1799 வரைக்குமான பஞ்சாங்க அட்டவணைகளை 1922இல் கொடுத்தார். இப்படி ஓர் ஊரில் விட்ட நூலை இன்னோர் ஊரில் எடுத்துத் தொடர்கிறவர்கள் உங்கள் மேற்கோள் எண்ணிக்கையில் வருவதில்லை.

ஆகவே செனட் மூன்று காரியங்களை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். பதிப்பு, அகராதி, அட்டவணை, நீண்டகால அளவீடு, திறந்த மின்னூல் தொகுப்பு ஆகியவற்றை எழுதிய கட்டுரைக்கு நிகரான வெளியீடாக நியமனத்திலும் மதிப்பீட்டிலும் ஏற்றுக்கொள்ளுங்கள். திறந்த தொகுப்புகளைப் பேணும் பணியிடங்களைத் திட்ட நிதியோடு பிறந்து திட்ட நிதியோடு இறப்பவையாக விடாமல் நிலையான இடங்களாக்குங்கள். மக்களிடம் விவரம் திரட்டிச் செய்யும் ஒவ்வோர் ஆய்வும் முடியும்போது, அந்த மக்களின் மொழியில் ஒரு சுருக்கத்தை வெளியிடுவதை நெறிமுறைக் குழுவின் நிபந்தனைகளில் ஒன்றாகச் சேருங்கள். மூன்றாவதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது. அதைத்தான் முதலில் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தமிழைப் பொறுத்தவரை ஆளுக்கு அலைய வேண்டாம். கல்வெட்டு வாசிக்கும் நாங்கள் சிலர், ஓய்வு பெற்ற வேளாண் அலுவலர்கள் சிலர், பள்ளி ஆசிரியர்கள் சிலர் இங்கே சேர்ந்து பேசியிருக்கிறோம். உங்கள் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் செய்த வேலையின் சுருக்கத்தை எளிய ஆங்கிலத்தில் அனுப்பினால், உழவருக்கு விளங்கும் தமிழில் எழுதி, அவர்களிடமே படித்துக் காட்டித் திருத்தி, ஒரு மாதத்துக்குள் திருப்பி அனுப்புகிறோம். ஊதியம் வேண்டாம். 2002இல் பதில் சொன்ன பருத்தி விவசாயிகளில் இருக்கிறவர்களிடமிருந்து தொடங்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் நூலகத்தின் தொலைதூர வாசகன்,
தஞ்சாவூர்.